யாருக்கு மாலை? யாரைக் கேட்டு?

ஆடி பதினேழும் பதினெட்டும் வந்துவிட்டால் கொல்லிமலைச் செம்மேட்டில் கூட்டம் நெரியும். வல்வில் ஓரிக்கு அரசே எடுக்கும் விழா. அமைச்சர் மாலை போடுவார். ஆட்சியர் மாலை போடுவார். கட்சிக்காரர்கள் வரிசையில் நின்று மாலை போடுவார்கள். எடப்புளி நாட்டிலிருந்தும் வளப்பூர் நாட்டிலிருந்தும் குண்டூர் நாட்டிலிருந்தும் வந்த மலைமக்கள் அதைப் பார்த்து மகிழ்ந்து திரும்புவார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஓரி. புலவர்க்கும் பாணர்க்கும் அள்ளிக் கொடுத்தவன் என்று பேர் வாங்கியவன். இவன் இழிந்த பிறவி, அவன் ஈனப் பிறவி என்று அவன் எவரையும் ஏசியதாகப் புலவர்கள் பாடி வைக்கவில்லை. ஆகவே அந்த மாலை எவர் கண்ணையும் உறுத்துவதில்லை.

எல்லா மாலையும் அப்படிப்பட்டதுதானா? கேட்டுப் பார்க்க வேண்டிய வேளை வந்திருக்கிறது. மேலை நாடுகளில் சிலைகள் உருண்டிருக்கின்றன. ஆப்பிரிக்காவில் நம் நாட்டுத் தலைவர் ஒருவரின் சிலையே பீடத்தை விட்டு இறங்கியிருக்கிறது. இங்கே சென்னைக் கடற்கரையில் நாம் மாலையிட்டுப் போற்றும் ஒரு பெரியவரின் பெயரைப் பழிக்க ஆளுநர் மாளிகையிலிருந்தே பேச்சு கிளம்பியது. நிறவெறியும் குலவெறியும் பேசிய பழைய பெருந்தலைகளுக்கு நடுத்தெருவில் மரியாதை செய்யலாமா, கூடாதா? தேநீர்க் கடையில் தோழர்கள் இதை வாதாடுகிறார்கள். நல்லது, வாதாடட்டும். ஆனால் வாதத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா?

கொல்லிமலையிலேயே தொடங்குவோம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நாளைக்கு ஒரு கனவான் எழுந்து, “மலைமக்களைப் பற்றியெல்லாம் ஏழு தொகுதி எழுதிய எட்கர் தர்ஸ்டனுக்குச் செம்மேட்டில் ஒரு சிலை வைப்போம்” என்கிறார். எடப்புளி நாட்டுக்காரர் என்ன சொல்வார்?

யார் இந்தத் தர்ஸ்டன்? 1885இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்த வெள்ளைக்காரர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். இன்றும் அந்தத் தொகுதிகள் ஆராய்ச்சியாளர் மேசையில் கிடக்கின்றன. அந்த ஏட்டுக்குப் பின்னால் ஓர் இடுக்கி இருந்தது. மனிதனுடைய மூக்கின் அகலத்தை அளப்பது, நீளத்தை அளப்பது, ஒன்றை மற்றொன்றால் வகுத்து நூறால் பெருக்குவது; வரும் எண்ணை வைத்து இவன் எந்த இனம், எந்தப் படி என்று கணக்குப் போடுவது. மூக்கு அகன்றால் பிறவி தாழ்ந்தது, மூக்கு நீண்டால் பிறவி உயர்ந்தது என்று வடக்கே ரிஸ்லி என்ற அதிகாரி வகுத்த அளவைத் தெற்கே கொண்டுவந்தவர் இவர். சேர்வராயன் மலைக்குப் போய் அங்குள்ள மலையாளிகளை அளந்தார். கேரளத்து மலையாளி அல்லர். மலையை ஆள்பவர் என்று பொருள்படும் நம் மலைமக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் மூன்று மலைக்குப் பிரிந்தார்கள், சேர்வராயனில் ஒரு கிளை, பச்சைமலையில் ஒரு கிளை, கொல்லியில் ஒரு கிளை என்பது அவர்களே வழிவழியாகச் சொல்லும் கதை. ஆகவே ஏற்காட்டில் அளந்த மூக்கு எடப்புளி நாட்டாரின் பங்காளி மூக்குதான்.

வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துக்கொண்டு போய், செத்த புலியைப் பதப்படுத்துவது போலப் பஞ்சடைத்து, சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று அஞ்சினார்கள். இருளர் ஒருவர் உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று எண்ணி வரவே மறுத்தார். இவற்றையெல்லாம் தர்ஸ்டனே வேடிக்கை போல எழுதி வைத்திருக்கிறார். சிரிப்பு அவருக்கு. நடுக்கம் யாருக்கு?

அப்படியானால் ஏழு தொகுதியையும் எரித்துவிடலாமா? கூடாது. அதில் நம் மக்களின் பழக்கவழக்கம், கதை, தொழில், சடங்கு ஏராளமாகப் பதிந்து கிடக்கிறது. படிக்க வேண்டும், எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும். நூலகத்தில் வைப்பது வேறு, நாற்சந்தியில் வைப்பது வேறு. நூலகத்தில் வைத்தால் “இவன் இப்படிச் சொன்னான்” என்று பொருள். நாற்சந்தியில் பீடம் கட்டி நிறுத்தினால் “இவரைப் பார், இவரைப் போல் இரு” என்று பொருள். பேரன் மாலை வாங்கி வந்து, பாட்டன் மூக்கில் இடுக்கி வைத்தவன் கழுத்தில் போட வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

இது கற்பனை. இனி நடந்த கதைக்கு வருவோம். அதற்கு இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போக வேண்டாம். சென்னை மவுண்ட் ரோடு போதும். இன்று அண்ணா சாலை என்று நாம் நடக்கிற அதே சாலையில்தான் கர்னல் நீல் சிலையாக நின்றான்.

1810இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவன். சென்னைப் பட்டாளத்து ஐரோப்பியப் படைப்பிரிவை நடத்தியவன். 1857இல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது காசிக்கும் அலகாபாத்துக்கும் போனான். அங்கே நடந்தது போர் அல்ல, வேட்டை. கிளர்ச்சிக்காரன், வழிப்போக்கன் என்ற வேறுபாடு இல்லை. ஊர்கள் எரிந்தன. மரத்துக்கு மரம் மனிதர்கள் தொங்கினார்கள். கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டது கொடுமை. அதைக் கொடுமை அல்ல என்று நாம் வாதாட வரவில்லை. அதற்கு நீல் கண்ட பரிகாரம் என்ன? பிடிபட்டவர்களை அந்த வீட்டுக்குள் இழுத்துப் போய், தரையில் உறைந்து கிடந்த இரத்தத்தைத் துடைக்கச் சொன்னான். மறுத்தவனைச் சவுக்கால் அடித்து நாவால் நக்க வைத்தான். பிறகு தூக்கில் போட்டான். உயிரை எடுத்தால் போதாது, அதற்கு முன் அவன் சாதியையும் சமயத்தையும் கெடுத்து, மனிதன் என்ற நினைப்பையே பறிக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்தான். 1857 செப்டம்பர் 25ஆம் நாள் லக்னோவில் சுடப்பட்டுச் செத்தான்.

செத்தவனுக்கு மாத்யூ நோபிள் என்ற சிற்பியைக் கொண்டு சிலை செய்து நம் தலைநகரின் நடுச்சாலையில் நிறுத்தினார்கள். அவன் பிறந்த ஏர் நகரத்தில் ஒன்று, இங்கே ஒன்று. அங்கே நிற்பது சொந்த ஊர்க்காரன் என்ற பாசம். இங்கே நிற்பது? “எழுந்தால் இவன் வருவான், நினைவிருக்கட்டும்” என்ற மிரட்டல்.

1927இல் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் அந்த மிரட்டலுக்குப் பதில் சொல்லக் கிளம்பினார்கள். திருநெல்வேலிச் சோமயாஜுலு முன்னின்றார். சுத்தியலும் கோடரியுமாகப் போய்ச் சிலையைத் தாக்கியவர்கள் சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் ஒன்பது வயது மகளோடு போராட்டத்துக்கு வந்தார். நெசவுக் குடும்பத்துப் பெண்மணி. சட்டமன்றக் கனவான்கள் வாய்பொத்தி நின்றபோது, தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தவர். பத்தாண்டு கழித்து, 1937இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சியில்தான் நீல் இறங்கினான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனான். (தர்ஸ்டன் மூக்களந்த அதே அருங்காட்சியகம்! அளந்தவரின் இடத்துக்கே அறுத்தவனும் போய்ச் சேர்ந்தான். யார் திட்டமிட்டதோ, பொருத்தம்தான்.)

நீல் விவகாரத்தில் நமக்குச் சிக்கல் ஏதும் இல்லை. “அவனிடம் வெறி இருந்தது உண்மை, ஆனால் சிலை வேறொரு நன்மைக்காக வைத்தது” என்று எவரும் சொல்ல முடியாது. எந்தச் செயலுக்காகச் சிலை வைத்தார்களோ அந்தச் செயலே வெறி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மக்கள் 2020 ஜூன் 7ஆம் நாள் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்தில் தள்ளினார்களே கோல்ஸ்டன் என்ற அடிமை வியாபாரியின் சிலை, அதுவும் ஏறக்குறைய இப்படித்தான். ஊருக்குத் தருமம் செய்தான் என்று 1895இல் வைத்த சிலை. தருமம் செய்த காசு எங்கிருந்து வந்தது? கறுப்பு மக்களைக் கப்பலில் ஏற்றி விற்ற காசு. காசும் தருமமும் ஒரே பையில் இருந்து வந்ததாலே, தருமத்தை மட்டும் பிரித்து மாலை போட வழியில்லை.

இரண்டு வாதங்களை இங்கேயே முடித்துவிடலாம். “சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும்” என்கிறார்கள். நீல் இறங்கி எண்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1857 அழிந்ததா? மாறாக 1927இன் வரலாறும் அதோடு சேர்ந்தது. இன்னொரு வாதம்: “அந்தக் காலம் அப்படி, அன்றைய மனிதனை இன்றைய தராசில் நிறுக்கலாமா?” அன்றைய தராசிலேயே நிறுப்போம். 1857இல் கவர்னர் ஜெனரலாக இருந்த கானிங்கே, கண்டபடி தூக்கில் போடாதீர்கள் என்று கட்டளை அனுப்பினார். அதற்காக வெள்ளைக்காரப் பத்திரிகைகள் அவரைக் ‘கருணை கானிங்’ என்று கேலி பேசின. அப்படியானால் அந்தக் காலத்திலும் வேறு மாதிரி எண்ணியவன் இருந்தான். தூக்கில் தொங்கியவனும் அந்தக் காலத்து மனிதன்தானே? அவனுடைய கருத்தைக் கேட்காமல் ‘காலத்தின் கருத்து’ என்று எப்படி எழுதுவது?

இனித்தான் கடினமான இடம். நம்முடைய வீட்டு விஷயம்.

சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, வரிசையாகச் சிலைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று கால்டுவெலுடையது. 1814இல் அயர்லாந்தில் பிறந்து, 1838இல் சென்னைக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரியில் இடையன்குடி என்ற சிற்றூரில் வாழ்ந்து, 1891இல் கோடைக்கானலில் இறந்தவர். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்ன செய்தது என்று நம் தோழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ் வடமொழியின் கிளை, வடமொழி பிச்சையிட்டால்தான் தமிழுக்குச் சோறு என்று பேசிக்கொண்டிருந்த பண்டிதக் கூட்டத்தின் முகத்தில், வேர்ச்சொல் வேர்ச்சொல்லாக எடுத்து வைத்துக் காட்டியவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் தனிக் குடும்பம் என்று நிறுவியவர். கோத்தரும் தோடரும் கோண்டரும் பேசும் மலைமொழிகளையும் அந்தக் குடும்பத்தில் உட்கார வைத்தவர். அந்த இலக்கணம் இல்லாவிட்டால் நம் மேடைப் பேச்சில் பாதி இல்லை.

ஆனால் அந்த நூலுக்கு ஏழாண்டு முன்னே, 1849இல், இன்னொரு நூல் எழுதினார். திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றியது. பனை ஏறி, பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சி, வெயிலில் வெந்து பிழைத்த அந்த மக்களை, இன்று நாடார் என்று தலைநிமிர்ந்து நிற்கும் அந்த மக்களை, அவர் எப்படி வருணித்தார்? பேயை வணங்குபவர்கள்; சிந்திக்கச் சோம்பல்படும் மந்த அறிவினர்; இந்த மண்ணுக்கே உரியவர்கள் அல்லர், இலங்கையிலிருந்து குடியேறியவர்கள். கடல் கடந்த சங்கத்தாரிடம் காசும் அனுதாபமும் திரட்ட எழுதியது என்பார்கள். இருக்கலாம். பிச்சைப் பாத்திரம் நிறைய வேண்டுமானால் பிள்ளையின் புண்ணைக் கீறிக் காட்ட வேண்டுமா?

அந்த மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை, பாதிரிமாரிடம் படித்தவர், பாதிரிமாரின் அதிகாரத்தையே உதறிவிட்டுத் தனிச் சபை கண்டார். கால்டுவெலின் எழுத்துக்கு எதிராக எழுத்தாலேயே போராடினார். 1880களில் மனுக்கள் பறந்தன. கொந்தளிப்பு வளர்ந்தது. நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. “காலம் அப்படி” என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கட்டும். காலத்தின் இன்னொரு வாய் பனங்காட்டிலிருந்து பேசியது.

நம் பக்கத்துப் பேச்சாளர்கள் 1856ஐச் சொல்வார்கள், 1849ஐ விழுங்கிவிடுவார்கள். ஏன்? எதிரி கையில் தடி கொடுத்துவிடுவோமோ என்ற அச்சம். நான் கேட்கிறேன்: மறைத்தால் தடி கிடைக்காதா? 2024 மார்ச்சில் ஐயா வைகுண்டர் பெயரால் நடந்த விழாவில், அப்போது ஆளுநராக இருந்த ஆர்.என். ரவி, கால்டுவெலும் போப்பும் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள் என்று பேசியதாகச் செய்தி வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. நாம் எல்லாரும் பட்டச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுத்தது சரி. ஆனால் கவனித்தீர்களா தோழர்களே? வைகுண்டர் யார்? ஒடுக்கப்பட்டு, தோளில் சீலை போட உரிமையின்றிக் கிடந்த மக்களை, தலைப்பாகை கட்டு என்று நிமிரச் செய்தவர். அவரைப் பின்பற்றியவர்களில் பெரும்பாலார் அதே சாணார் மக்கள். அந்த மேடையில் கால்டுவெலைப் பற்றிக் கேட்க ஒரு நேர்மையான கேள்வி இருந்தது, 1849இன் கேள்வி. அது கேட்கப்படவில்லை. ஏனென்றால் பழித்தவர்களுக்கு அந்த மக்களின் மானம் அல்ல குறி. திராவிடம் என்ற சொல்தான் குறி.

ஆகவே அந்தக் கேள்வியை நாமே கேட்போம். கால்டுவெல் சிலை நிற்கலாமா?

நிற்கலாம் என்பது என் கருத்து. நீலைப் போலல்ல இது. அந்தச் சிலை 1849இன் நூலுக்காக எழவில்லை. 1856இன் நூலுக்காக எழுந்தது. அந்த இரண்டும் ஒரே பையில் வந்த காசும் அல்ல. ஒன்றை மற்றொன்று மறுக்கவே செய்கிறது. 1875இல் வந்த ஒப்பிலக்கண இரண்டாம் பதிப்பில், பறையர் திராவிடரா என்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அவர்களை வேற்றினம் என்று ஒதுக்கிய கருத்தை மறுத்து, திராவிடரே என்று எழுதினார். 1913இல் மூன்றாம் பதிப்பைச் சுருக்கியவர்கள் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டார்கள்! கால்டுவெல் இழித்ததும் இருட்டில் போயிற்று, ஏற்றியதும் இருட்டில் போயிற்று. நம் கைக்கு வந்தது பாதி மனிதர். முழுப் பதிப்பு மீண்டும் அச்சேற இந்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையன்குடியில் அவர் வைத்த பள்ளிகள் இருக்கின்றன. 1847இல் தொடங்கி 1880இல் முடித்த கோயில் இருக்கிறது. அவர் மனைவி எலிசா பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்துக் கையில் கூலி வாங்க வைத்தது இருக்கிறது. 2011இல் அவர் வீட்டை அரசு நினைவில்லம் ஆக்கியது. இவையெல்லாம் வரவுப் பக்கம். ஆனால் வரவு அதிகம் என்பதால் பற்றுப் பக்கத்தைக் கிழித்துவிட முடியுமா? எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்படிக் கணக்கு எழுதுவார்கள்? எழுதினால் நீங்கள்தான் விடுவீர்களா?

சிலை நிற்கட்டும். கீழே கல்வெட்டு மாறட்டும். ஒப்பிலக்கணம் தந்தவர் என்று ஒரு வரி. இன்ன ஆண்டில், இன்ன மக்களை இழித்து எழுதினார், அந்த மக்கள் எதிர்த்து அந்நூலை விலக்க வைத்தார்கள் என்று அடுத்த வரி. அந்த இரண்டாம் வரியால் கால்டுவெல் குறைய மாட்டார். பனையேறியின் பேரன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையில் அந்தச் சிலைக்கு முன்னால் நிற்கும்போது, தன் பாட்டன் ஏச்சுக்கேட்டதும் அங்கே இருக்கும், எதிர்த்து வென்றதும் அங்கே இருக்கும்.

சரி, நாம் கானா நாட்டுக்குப் போவோம். அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜூனில் நம் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி காந்தியார் சிலையைத் திறந்துவைத்தார். சில மாதத்துக்குள் அங்குள்ள பேராசிரியர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. நம்மவர்களுக்குக் கோபம். “உலக உத்தமரையா?” என்று கொதித்தார்கள்.

கொதிப்பதற்கு முன் அவர்கள் சொன்னதைக் கேட்போம். தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் காந்தியார் கறுப்பு மக்களை இழிசொல்லால் குறித்து எழுதியிருக்கிறார். இந்தியரை அவர்களோடு ஒன்றாக வைக்காதே என்பது அவர் அன்று வெள்ளையரிடம் வைத்த முறையீடு. டர்பன் அஞ்சல் நிலையத்தில் இரண்டு வாசல்: வெள்ளையருக்கு ஒன்று, மற்ற எல்லாருக்கும் ஒன்று. வாசலில் வேறுபாடே கூடாது என்றா கேட்டார்கள்? இந்தியருக்குத் தனி வாசல் வேண்டும் என்று கேட்டு, மூன்றாவது வாசல் பெற்றார்கள். அந்த மூன்றாவது வாசலில் நுழையப் போனவர்களில் நம் தமிழரும் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். பீனிக்சு பண்ணைக்கு அருகிலேயே ஜான் டூபே என்ற கறுப்பர் தலைவர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசாக வளர்ந்த இயக்கத்துக்கு 1912இல் முதல் தலைவர் ஆனவர் அவர். கூப்பிடு தூரத்தில் இருந்தார். கறுப்பர் மனம் என்ன என்று அறிய வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பின்னாளில் காந்தியார் மாறினார் என்பது உண்மை. 1913இல் மூன்று பவுன் தலைவரியை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளியும் கரும்புத் தோட்டக் கூலியும் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று நோயில் 1914இல் உயிர் விட்டபோது, அந்தப் போராட்டத்தை அவர் நடத்திய விதத்தை உலகம் பார்த்தது. கறுப்பு இயக்கங்களே அதிலிருந்து பாடம் படித்தன. ஆகவே நம் நாட்டில் அவர் சிலை நிற்பதில் கேள்வியில்லை. ஆனால் கானாவின் முற்றத்தில்? அது அவர்கள் முற்றம். ஏச்சு விழுந்தது அவர்கள் இனத்தின் மீது. விருந்தாளியாகப் போனவர்கள் கொண்டுபோய் வைத்த சிலையை, வீட்டுக்காரன் வேண்டாம் என்றால் அதில் நமக்கு என்ன கோபம்? வீட்டுக்காரனைக் கேட்டுத்தான் வைத்தார்களா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார்: “அப்படியானால் எவன் எதிர்த்தாலும் சிலையை எடுத்துவிடலாமா? எவன் முகம் சுளித்தாலும் பெயரை மாற்றிவிடலாமா?” நல்ல கேள்வி. அதற்கும் நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது, கசப்பான பதில். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்து மடிந்தவர்; தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள் சிலர். கல் பறந்தது, கலவரம் மூண்டது, உயிர் போயிற்று. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒட்டுமொத்தமாக நீக்கியது. அமைதி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் கேட்டது கிடைத்தது?

சுந்தரலிங்கம் எவரையும் இழித்தவர் அல்லர். அவரை எதிர்த்தவர்களுக்கு அவர் வாயிலிருந்து ஒரு வசைச் சொல்லும் விழவில்லை. அவர் பிறப்பே அவர்களுக்கு உறுத்தியது. எழும்பூருக்கு நீலை அனுப்பச் சொன்ன எதிர்ப்பும், சுந்தரலிங்கத்தின் பெயரை அழிக்கச் சொன்ன எதிர்ப்பும் வெளிப் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும்: இரண்டிலும் கூட்டம், இரண்டிலும் கோஷம். ஒன்று மிதிபட்டவன் காலை எடு என்று கேட்பது. மற்றது மிதித்தவன், என் காலுக்கடியில் இருந்தவன் பெயர் என் தலைக்கு மேல் எழுதப்பட்டதே என்று பொருமுவது. இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுகிற அதிகாரி, எண்ணிக்கையைப் பார்க்கிறான், நீதியைப் பார்ப்பதில்லை.

கொல்லிமலைக்கே திரும்புவோம். இந்த நாட்டிலே சிலை வைப்பதும் பெயர் வைப்பதும் கோட்டையில் தீர்மானமாகி, மாவட்டத் தலைநகருக்கு வந்து, கொண்டை ஊசி வளைவு எழுபதும் ஏறி, கடைசியாக மலைமக்களுக்கு அழைப்பிதழாகப் போய்ச் சேருகிறது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவனுக்கு அழைப்பிதழ் மட்டும்தான், கருத்து இல்லை. மலையில் பள்ளிக்கோ சாலைக்கோ பூங்காவுக்கோ ஒரு பெயர் வைக்க வேண்டுமானால், முதலில் பதினான்கு நாட்டு ஊராட்சிகளின் கிராமசபையிலும் அந்தப் பெயரைப் படித்துக் காட்டட்டும். அந்தப் பெயர்க்காரர் மலைமக்களுக்கு என்ன செய்தார், மலைமக்களைப் பற்றி என்ன எழுதினார் என்று இரண்டையும் படித்துக் காட்டட்டும். எடப்புளி நாட்டுச் சபையில் ஒரு கிழவர் எழுந்து, “இவர் யாரு? எங்களை என்ன சொன்னாரு?” என்று கேட்டால் அதற்கு விடை சொல்லும் பொறுப்பு அதிகாரிக்கு இருக்கட்டும்.

அதே முறை கடற்கரைக்கும் பொருந்தும். கால்டுவெல் பீடத்தில் சேர்க்க வேண்டிய அந்த இரண்டாம் வரியைச் சென்னையில் உட்கார்ந்து புலவர் குழு எழுத வேண்டாம். அரசு அதிகாரிகள் இடையன்குடிக்குப் போகட்டும். நினைவில்லத்தின் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டு, 1849 நூலின் பக்கங்களைத் தமிழில் படித்துக் காட்டட்டும். என்ன எழுதலாம் என்று பனையேறியின் பேரன்மார் சொல்லட்டும். சிலையே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதையும் குறித்துக்கொண்டு வரட்டும்.